மெனிஞ்சைட்டிஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தடுப்பூசி முகாம்களிலும் பள்ளிக் கூட்டங்களிலும் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் எங்களிடம் ஓயாமல் வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். முன்பாதி நோயாளியின் குடும்பத்துக்கு. பின்பாதி, இந்த நோய்க்காக அரசிடம் என்ன கேட்பது என்று யோசிப்பவர்களுக்கு. வீட்டில் இப்போது யாருக்காவது காய்ச்சல் என்று பதறி வந்திருந்தால் 2, 3, 4 மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

1. மூளைக்காய்ச்சல், மெனிஞ்சைட்டிஸ் ரெண்டும் ஒண்ணா? கொசு கடிச்சு வர்றதுதானே இது?

மூளையையும் தண்டுவடத்தையும் மெல்லிய உறைகள் மூடியிருக்கின்றன. அந்த உறையில் அழற்சி வந்தால் மெனிஞ்சைட்டிஸ். மூளைத் திசுவிலேயே வந்தால் என்செஃபலைட்டிஸ். பேச்சில் இரண்டையும் மூளைக்காய்ச்சல் என்றே சொல்லிவிடுகிறோம். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இரண்டாவது வகை. இந்தியாவில் அது முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-இல், வேலூரில்.

மெனிஞ்சைட்டிஸுக்குக் கொசு காரணமல்ல. பாக்டீரியா, வைரஸ், காசநோய்க் கிருமி, பூஞ்சை என்று பல காரணங்கள் உண்டு. வைரஸால் வருவது பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகத் தணிந்துவிடும். ஆளைக் கொல்வது பாக்டீரியாவால் வருவது: நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப், பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகிய நான்கும் முக்கியமானவை. பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் வந்தவர்களில் ஆறில் ஒருவர் இறக்கிறார், ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு தங்குகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வைரஸா பாக்டீரியாவா என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் 6-ஆவது கேள்வியில் வரும் பரிசோதனை.

2. காலையிலதான் காய்ச்சல் வந்துச்சு. ரெண்டு நாள் பாத்துட்டுப் போகலாமா?

வெறும் காய்ச்சல் என்றால் பார்க்கலாம். காய்ச்சலோடு இவற்றில் எது சேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது: இதுவரை வராத அளவு தலைவலி, நிற்காத வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கழுத்து விறைப்பு, வலிப்பு, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், உடம்பில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள். காலையில் நடந்து திரிந்தவர் இரவுக்குள் நினைவிழக்கும் நோய் இது. 108-ஐ அழையுங்கள், அல்லது இரவிலும் லேப் இயங்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்.

அங்கே போய் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் ஓ.பி. வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். "காய்ச்சலோட நினைவு தடுமாறுது, மெனிஞ்சைட்டிஸா இருக்குமோன்னு பயமா இருக்கு" என்று அவசரப் பிரிவில் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். கையில் இரண்டு பொருள் இருக்கட்டும்: தடுப்பூசி அட்டை, இதுவரை கொடுத்த மாத்திரைகளின் அட்டை. இரண்டாவது ஏன் என்பது 8-இல் இருக்கிறது.

3. கழுத்தை நல்லா திருப்புறான். அப்போ இது இல்லைதானே?

பக்கவாட்டில் திருப்புவது சோதனையே அல்ல. மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மெல்லத் தூக்கி, மோவாய் நெஞ்சைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டாலும் நிம்மதி அடைந்துவிட முடியாது. காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவு மாற்றம் மூன்றும் ஒன்றாக இருப்பது பாதிக்கும் குறைவான பெரியவர்களிடத்தில்தான். வயதானவர்களுக்குத் தேய்மானத்தால் கழுத்து ஏற்கெனவே இறுகியிருக்கும், அது வேறு குழப்பும். கழுத்தை வைத்து "இருக்கிறது" என்று சந்தேகப்படலாம், "இல்லை" என்று முடிவுகட்ட முடியாது.

4. ஆறு மாசக் குழந்தைக்குத் தலைவலின்னு சொல்லத் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உச்சிக்குழியைத் தடவிப் பாருங்கள். குழந்தை அழாமல் நிமிர்ந்திருக்கும்போது அது புடைத்து இறுகியிருந்தால் உடனே கிளம்ப வேண்டும். பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, கீச்சென்ற விநோதமான அழுகை, தூக்கினால் இன்னும் அதிகமாக அழுவது, உடம்பு கொதிக்கும்போதே கை கால் சில்லிடுவது, மூச்சு வாங்குவது ஆகியவையும் அடையாளங்கள். மடியில் போட்டால் அடங்க வேண்டிய குழந்தை மடியில் போட்டதும் வீறிட்டால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

பிறந்து 28 நாளுக்குள் என்றால் காய்ச்சலே இல்லாமல் போகலாம், உடம்பு வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் இருக்கலாம். இந்த வயதில் கழுத்து விறைப்பை எதிர்பார்க்கவே கூடாது. பிரசவத்துக்கு முன் பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்திருந்தாலோ, குழந்தையைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

5. டம்ளரை அழுத்திப் பாக்கச் சொல்றாங்களே, அது என்ன?

மெனிங்கோகாக்கஸ் ரத்தத்தில் பரவினால் தோலுக்கடியில் சிறுசிறு ரத்தக்கசிவுகள் வரும். கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அந்தப் புள்ளிமேல் அழுத்திப் பார்த்தால் சாதாரணத் தடிப்பு வெளுத்து மறையும், ரத்தக்கசிவு மறையாது. எவர்சில்வர் டம்ளர் உதவாது, உள்ளே தெரிய வேண்டும். நம் தோல் நிறத்தில் புள்ளிகள் எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், மேலண்ணம் ஆகிய இடங்களைப் பாருங்கள். புள்ளி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பலருக்கு அது வராது, வந்தாலும் கடைசியில்தான் வரும். டெங்குவிலும் மறையாத புள்ளிகள் வரும். எதுவாக இருந்தாலும் போக வேண்டிய இடம் அவசரப் பிரிவுதான்.

6. முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்தா கால் விளங்காமப் போயிடுமாமே? கையெழுத்துப் போட பயமா இருக்கு.

இந்த ஒரு பயம்தான் நோயைக் கண்டுபிடிப்பதற்குப் பெரிய தடை என்பதால் விரிவாகச் சொல்கிறோம். நோயாளியை ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, இறால் மாதிரி சுருண்டு படுக்கவைப்பார்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு உயரத்தில், மூன்றாவது நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலோ அதற்கு ஒன்று கீழேயோ, மரத்துப்போக மருந்து போட்டு மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் அதற்கு மேலேயே, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகள் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போகும் இடத்தில் இருப்பது நீரில் மிதக்கும் நரம்பிழைகள், அவை ஊசிக்கு விலகிக்கொடுக்கும். குழந்தைகளுக்குத் தண்டுவடம் சற்றுக் கீழே வரை இருக்கும் என்பதால் இன்னும் கீழே உள்ள இடைவெளியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

உடம்பில் இருக்கும் தண்டுவட நீர் பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி. ஒரு நாளில் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. எடுப்பது சில மில்லிதான், எனவே சில மணி நேரத்தில் அது ஈடாகிவிடும். எழுந்தால் வரும், படுத்தால் குறையும் தலைவலி சில நாள் இருக்கலாம். அதுதான் அடிக்கடி வரும் தொந்தரவு. நோய் முற்றிய பிறகு நீர் எடுத்து, அதன்பின் நோயின் விளைவாகக் கை கால் விழுந்தால், பழி ஊசிமேல் போய்விடுகிறது. ஊசி போடக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்மையிலேயே உண்டு: தட்டணு மிகக் குறைந்திருப்பது, ரத்தம் உறையாத கோளாறு, ஊசி போகும் இடத்தில் சீழ், மூளைக்குள் அழுத்தம் ஏறியதற்கான அறிகுறி, ரத்த அழுத்தம் விழுந்த நிலை. டெங்கு காலத்தில் தட்டணு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதும் அதனால்தான்.

எடுத்த நீர் சின்னச் சின்னக் குப்பிகளில் போகும்: சர்க்கரைக்கும் புரதத்துக்கும் ஒன்று, அணுக்களை எண்ண ஒன்று, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ஒன்று. தெளிந்த நீராக இல்லாமல் கலங்கி இருந்தால் பாக்டீரியா என்ற சந்தேகம் அந்த நிமிடமே வலுக்கும். அதே நேரத்தில் ரத்தச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். தண்டுவட நீரின் சர்க்கரை ரத்தச் சர்க்கரையில் 40 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பாக்டீரியா அல்லது காசநோய் பக்கம் கை நீளும். ஒப்பிட ரத்தச் சர்க்கரை இல்லாவிட்டால் அந்த எண்ணைச் சரியாகப் படிக்க முடியாது. கெடுவது பெரும்பாலும் இதற்குப் பிறகு: ஒன்றிரண்டு மணி நேரத்தில் அணுக்கள் சிதையத் தொடங்கும், கல்ச்சர் குப்பியை ஃப்ரிட்ஜில் வைத்தால் கிருமி செத்துப்போகும். குப்பியை உங்கள் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்பினால் டீ குடிக்க நிற்காமல் நேராகப் போங்கள்.

7. ஸ்கேன் நார்மல்னு வந்துடுச்சு. இன்னும் எதுக்கு முதுகுல குத்தணும்?

தொடக்க நிலை மெனிஞ்சைட்டிஸில் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அது நோயைத் தேடும் பரிசோதனை அல்ல, ஊசி போடுவது பாதுகாப்பா என்று சிலருக்கு மட்டும் பார்ப்பது: நினைவு வெகுவாகக் குறைந்தவர்கள், புதிதாக வலிப்பு வந்தவர்கள், ஒரு பக்கம் கை கால் பலவீனமானவர்கள், நோயெதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்கள். ஸ்கேனுக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும் என்றால், ரத்தக் கல்ச்சர் எடுத்து முதல் டோஸ் மருந்தைப் போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். "முதல் டோஸ் போட்டாச்சா டாக்டர்?" என்று வண்டி ஏறுமுன் கேளுங்கள்.

8. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே இவ்வளவு பவரான ஊசி மருந்து எதுக்கு?

கல்ச்சர் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை நோய் பொறுக்காது. சந்தேகம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உள்ளே போக வேண்டும். வழக்கமாக அது செஃப்ட்ரியாக்ஸோன். வயதானவர்களுக்கும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் லிஸ்டீரியா என்ற கிருமிக்காக ஆம்பிசிலினும், மருந்துக்கு அடங்காத நியூமோகாக்கஸ் உள்ள இடங்களில் வாங்கோமைசினும் சேரும். முதல் டோஸோடு அல்லது அதற்குச் சற்று முன் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். காது கேளாமை வராமல் காப்பதில் அதற்குப் பங்கு உண்டு. ஸ்டீராய்டு என்றதும் மறுக்காதீர்கள், சில நாளைக்கு மட்டும் தருவது அது.

மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னது இதற்காக: ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டால் மெனிங்கோகாக்கஸ் ஓரிரு மணி நேரத்திலும், நியூமோகாக்கஸ் சில மணி நேரத்திலும் கல்ச்சரில் வளராமல் போகலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்ட அரைகுறை டோஸ் நோயைக் குணப்படுத்தாது, தடயத்தை மட்டும் அழித்துவிடும். எதைப் போட்டோம், எப்போது போட்டோம் என்று தெரிந்தால்தான் டாக்டர் ரிசல்ட்டைச் சரியாகப் படிக்க முடியும்.

9. கல்ச்சர்ல ஒண்ணும் வளரலையாம். அப்போ தேவையில்லாம மருந்து ஏத்திட்டாங்களா?

இல்லை. 6-இலும் 8-இலும் சொன்ன காரணங்களால் கிருமி வளராமல் போவது சாதாரணம். அணுக்களின் எண்ணிக்கையும் சர்க்கரையும் பாக்டீரியா என்று சொன்னால் சிகிச்சையை முடித்தே ஆக வேண்டும். கிருமியைப் பொறுத்து அது 5 நாளிலிருந்து 21 நாள் வரை போகலாம். செத்த கிருமியின் மரபணுவையும் பி.சி.ஆர். கண்டுபிடிக்கும், அந்த வசதி உண்டா என்று கேட்கலாம்.

10. மூணு வாரமா தலைவலி, லேசான காய்ச்சல். இப்ப கொஞ்சம் கொழப்பமாப் பேசறாரு. மந்திரிச்சுப் பாக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க.

மெல்ல வரும் மெனிஞ்சைட்டிஸில் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். வாரக்கணக்கில் சோர்வு, சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு, வாந்தி, எரிச்சல், பிறகு குணமே மாறுவது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது என்று படிப்படியாகப் போகும். இருமல் இல்லாமலும் வரும். பெரியவர்களோடு சண்டை போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். விபூதி பூசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்.

தண்டுவட நீரை, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவியில் வைத்தால் சில மணி நேரத்தில் முடிவு தெரியும். ஆனால் அதில் "இல்லை" என்று வந்தாலும் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது, நீரில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும். சிகிச்சை வழக்கமான 6 மாதம் அல்ல, 9 முதல் 12 மாதம். இரண்டு மாதத்தில் ஆள் தேறிவிட்டார் என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் விபரீதம். நோயாளி குழந்தை என்றால் வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவர் யார் என்று தேடிச் சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு இப்படி வந்தால் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையையும் அதே நீரில் பார்க்கச் சொல்லுங்கள்.

11. கேரளாவுல அமீபான்னு சொல்றாங்களே, அது இதுதானா? சபரிமலைக்குப் போகலாமா?

அது வேறு நோய். தேங்கிய வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக ஏறி மூளையையும் உறையையும் தாக்குகிறது. மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். குடிக்கும் தண்ணீரால் வராது, ஆளிடமிருந்து ஆளுக்கும் தொற்றாது. தாராளமாகப் போகலாம். ஆற்றில் முங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளத்தில் நீந்திய சில நாளில் 2-இல் சொன்ன அறிகுறிகள் வந்தால், "குளத்துல குளிச்சோம்" என்ற தகவலை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

12. எல்லாத் தடுப்பூசியும் போட்டாச்சு. இனி வராதுல்ல?

"எல்லாம்" என்பதில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். பிறந்ததும் போடும் பி.சி.ஜி., குழந்தைப் பருவக் காசநோய் மெனிஞ்சைட்டிஸிலிருந்து காக்கிறது. 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட்டில் ஹிப் எதிர்ப்பு அடங்கியிருக்கிறது. இந்தியாவில் அது 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கியது. நியூமோகாக்கல் ஊசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று முறை. இது 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-இல் நாடு முழுவதும் வந்தது. எல்லாமே அரசு நிலையங்களில் இலவசம். 2021-க்கு முன் பிறந்த பிள்ளைகள் பலருக்கு நியூமோகாக்கல் ஊசி போட்டிருக்காது, அட்டையைப் பாருங்கள்.

9 மாத டோஸைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல், ஊருக்குப் போனது என்று தள்ளிப்போவது அதுதான், நீண்ட காலப் பாதுகாப்பைத் தருவதும் அதுதான். அட்டவணை பிசகியிருந்தாலும் முதல் பிறந்தநாளுக்குள் முதல் டோஸைத் தொடங்கிவிட வேண்டும். தொடங்கியதைக் கிராம சுகாதார செவிலியர் முடித்துத் தருவார். மெனிங்கோகாக்கல் ஊசி அரசு அட்டவணையில் இல்லை. குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு உலகில் எங்குமே இன்னும் ஊசி இல்லை.

13. ஊசி போட்டும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வந்துச்சே? அப்புறம் எதுக்கு?

நியூமோகாக்கஸில் மட்டும் ஏறத்தாழ நூறு உள்வகைகள் உண்டு. ஊசி காப்பது அவற்றில் அதிகம் நோய் உண்டாக்கும் பத்துப் பதின்மூன்று வகைகளை. மீதி வகைகளாலும், 1-இல் சொன்ன மற்றக் கிருமிகளாலும் வர வாய்ப்பு இருக்கிறது. அந்தக் குழந்தையின் நீரில் எந்தக் கிருமி வந்தது என்று தெரிந்தால்தான் ஊசி தோற்றதா, ஊசிக்குச் சம்பந்தமே இல்லாத கிருமியா என்று சொல்ல முடியும். பெரும்பாலும் அது தெரியாமலே போகிறது. எங்களுக்கு ஆதங்கமே அதில்தான்.

14. அத்தாவும் அம்மாவும் ஹஜ்ஜுக்குப் போறாங்க, தம்பி லண்டனுக்குப் படிக்கப் போறான். என்ன ஊசி போடணும்?

ஹஜ், உம்ராவுக்குச் செல்பவர்களுக்கு ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைகளுக்கான மெனிங்கோகாக்கல் ஊசி கட்டாயம். சவூதி போய்ச் சேருவதற்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் போட்டிருக்க வேண்டும். காஞ்சுகேட் வகை என்றால் சான்று 5 ஆண்டுக்கும் பழைய பாலிசாக்கரைடு வகை என்றால் 3 ஆண்டுக்கும் செல்லும், சான்றில் வகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டாயம் சும்மா வரவில்லை. 1987-இல் ஏ வகையும், 2000-இல் டபிள்யூ வகையும் ஹஜ் பயணிகளிடையே பரவிப் பல நாடுகளுக்குப் போயின.

பிரிட்டனில் 2015 முதல் பதின்வயதினருக்கு இதே நான்கு வகை ஊசி தரப்படுகிறது. கல்லூரி விடுதியில் புதிதாகச் சேருபவர்கள் போட்டுக்கொள்வது அவசியம். கிளம்பும் முன் இங்கேயே போட்டுவிடுங்கள். மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் பயணமே போகாவிட்டாலும் மெனிங்கோகாக்கல், நியூமோகாக்கல், ஹிப் மூன்றும் போட வேண்டும். விபத்தில் மண்ணீரலை எடுத்துவிட்டு ஊசியைப் பற்றிச் சொல்லாமலே டிஸ்சார்ஜ் செய்வது நடக்கிறது, நீங்களே கேட்டு வாங்குங்கள்.

15. என் மகன் கிளாஸ்ல ஒரு பையனுக்கு வந்திருக்கு. ஸ்கூலை மூடச் சொல்லணுமா?

முதலில் என்ன கிருமி என்று கேளுங்கள். நியூமோகாக்கஸ், வைரஸ், காசநோய் மெனிஞ்சைட்டிஸ் என்றால் வகுப்பில் யாருக்கும் தடுப்பு மருந்து வேண்டாம். மெனிங்கோகாக்கஸ் என்றால் ஒரே வீட்டில் இருப்பவர்கள், ஒரே அறையில் தூங்கியவர்கள், எச்சில் பட நெருங்கிப் பழகியவர்கள் ஆகியோருக்கு ஒற்றை டோஸ் தடுப்பு மருந்து தரப்படும், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். விடுதி என்றால் வட்டம் பெரிதாகும். பகல் பள்ளியில் ஒரே வகுப்பில் இருந்தது மட்டும் காரணமாகாது. பள்ளியை மூடுவதால் பயன் இல்லை, பத்து நாள் வரை பிள்ளைகளைக் கவனித்தால் போதும். மருந்தை மாவட்ட சுகாதார அலுவலகம் முடிவுசெய்து தரட்டும், நீங்களாக மெடிக்கலில் வாங்காதீர்கள்.

16. உயிர் பொழைச்சு வீட்டுக்கு வந்துட்டான். ஆனா கூப்பிட்டா திரும்பறதில்லை.

இன்றே காதைச் சோதிக்க வேண்டும். பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸுக்குப் பிறகு உள்காதின் நத்தை எலும்புக்குள் புது எலும்பு வளர்ந்து அடைத்துவிடக் கூடும். சிலருக்கு அது சில வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது. அடைத்தபின் காக்ளியர் இம்பிளான்ட் என்ற உள்காதுக் கருவியை வைப்பது கடினம், சில சமயம் முடியாது. "பேச்சு வரட்டும், ஒரு வயசு ஆகட்டும்" என்ற ஆறுதல் இங்கே கெடுதல். டிஸ்சார்ஜுக்கு முன்பே, தவறினால் நான்கு வாரத்துக்குள், பெரா என்ற செவிப் பரிசோதனை செய்ய வேண்டும். கைதட்டிப் பார்ப்பது போதாது, குழந்தை அதிர்வுக்கும் அசைவுக்கும் திரும்பிவிடும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் உண்டு. வலிப்பு, நடை தடுமாற்றம், படிப்பில் பின்தங்குவது, காரணமில்லாத கோபம் ஆகியவையும் பின்விளைவுகள்தான், சில பள்ளிக்குப் போன பிறகே தெரியவரும். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பதிவு செய்யுங்கள். குறைபாடு நிலைத்துவிட்டால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அடையாள அட்டை பெறலாம்.

17. 2030-க்குள்ள மெனிஞ்சைட்டிஸை ஒழிச்சிடுவாங்களாமே?

முற்றாக ஒழிப்பது என்று யாரும் சொல்லவில்லை. 2020 நவம்பரில் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற திட்டத்தில் இலக்குகள் மூன்று: பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் கொள்ளைநோயாகப் பரவுவதை நிறுத்துவது, தடுப்பூசியால் தடுக்கக்கூடிய வகைகளில் நோயைப் பாதியாகவும் சாவை 70 சதவீதமும் குறைப்பது, ஊனத்தைக் குறைத்து, பிழைத்தவர்களுக்குத் தக்க ஆதரவு தருவது. தடுப்பு, கண்டறிதலும் சிகிச்சையும், கண்காணிப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்பு, மக்கள் குரல் என்று ஐந்து தூண்கள். 2025 ஏப்ரலில் நோயறிதல், சிகிச்சை, பின்பராமரிப்பு மூன்றையும் சேர்த்து வழிகாட்டி நெறிகளும் வந்துவிட்டன. இந்தியாவும் உறுப்பு நாடு என்பதால், மனு எழுதும்போது இந்தத் திட்டத்தின் பெயரில் கேட்கலாம். அக்டோபர் 5 உலக மெனிஞ்சைட்டிஸ் நாள். கூட்டம் நடத்த விரும்புபவர்களுக்கு அந்த வாரம் வசதி.

18. தமிழ்நாட்டுல வருஷத்துக்கு எத்தனை பேருக்கு வருது? எங்கேயும் நம்பர் கிடைக்கலையே?

நோயாளி வருகிறார், நீர் எடுக்கப்படவில்லை. அல்லது எடுத்தது இரவு என்பதால் லேப் பூட்டியிருந்தது. அல்லது மெடிக்கல் ஷாப் ஆன்டிபயாடிக்கால் ஒன்றும் வளரவில்லை. கேஸ் ஷீட்டில் "காய்ச்சல், வலிப்பு" என்று முடிகிறது. நாடு தழுவிய நோய்க் கண்காணிப்புத் தளத்தில், டாக்டர் சந்தேகித்துப் பதியும் படிவத்தில் மெனிஞ்சைட்டிஸுக்கு இடம் இருக்கிறது, லேப் உறுதிசெய்ததற்குத் தனிப் படிவமும் இருக்கிறது. முன்னது அரைகுறையாக நிரம்புகிறது, பின்னதற்குப் போக வழியே இல்லை. வேலூர் சி.எம்.சி. ஒருங்கிணைத்த மருத்துவமனைக் கண்காணிப்புபோல, ஒழுங்காக நீர் எடுத்து ஒழுங்காகச் சோதித்த இடங்களில்தான் நியூமோகாக்கஸே முதலிடம் என்பது தெரியவந்தது.

எந்தத் தடுப்பூசியை அரசு அட்டவணையில் சேர்க்கலாம் என்று ஒன்றிய அரசுக்கு ஆலோசனை சொல்வது தேசியத் தடுப்பூசி தொழில்நுட்ப ஆலோசனைக் குழு. அது முதலில் கேட்பது நோயின் சுமை எவ்வளவு என்றுதான். 6-இல் நீங்கள் போட மறுக்கும் கையெழுத்துக்கும் அந்தக் குழுவின் மேசைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

19. நம்ம புனேயில தயாரிக்கிற ஊசி ஆப்பிரிக்காவுக்குப் போகுதாம். நமக்கு மட்டும் ஏன் தர்றதில்லை?

போவது உண்மை. செனகலிலிருந்து எத்தியோப்பியா வரையுள்ள நாடுகளை மெனிஞ்சைட்டிஸ் பட்டை என்பார்கள். 1996–97-இல் அங்கே வந்த கொள்ளைநோயில் 2,50,000 பேருக்கு மேல் நோயுற்று, சுமார் 25,000 பேர் இறந்தார்கள். ஒரு டோஸ் 50 சென்ட்டுக்குள் இருந்தால்தான் தங்களால் வாங்க முடியும் என்று ஆப்பிரிக்க நாடுகள் விலையை முன்வைத்தன. அந்த விலைக்குப் புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் ஏ வகை ஊசியைத் தயாரித்தது. 2010-இல் புர்கினா ஃபாசோ தொடங்கியது. 2017-க்குப் பிறகு அந்தப் பட்டையில் ஏ வகை நோயே உறுதியாகவில்லை. அதே நிறுவனத்தின் ஐந்து வகை ஊசியை 2024-இல் நைஜீரியா முதல் நாடாகத் தொடங்கியது.

நமக்கு ஏன் இல்லை என்பதற்கு நேர்மையான பதில்: இங்கே மெனிங்கோகாக்கஸ் அவ்வப்போது வெடிக்கிறது. டெல்லியில் 2005-இல் பரவியது, 2008–09-இல் மேகாலயா, திரிபுராவில் பரவியது. ஆனால் ஆண்டுதோறும் எவ்வளவு என்று காட்டும் கணக்கு இல்லை. "எல்லாக் குழந்தைக்கும் உடனே போடு" என்ற கோரிக்கை இன்று நிற்காது. நிற்கக் கூடியவை வேறு: மண்ணீரல் இல்லாதவர்களுக்கு இலவச ஊசி, ஓரிடத்தில் பரவினால் உடனே எடுக்கக் கையிருப்பு, உறுப்பு நாடாக 2030 இலக்குக்கு மாவட்ட அளவிலான கணக்கு.

20. நாங்க சாதாரண ஆளுங்க. என்ன கேக்கணும், யார்கிட்டக் கேக்கணும்?

"விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்" என்று மனு போட்டால் ஒரு பேனரோடு முடிந்துவிடும். ஆம், இல்லை என்று பதில் சொல்லக் கூடியதைக் கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இரவு 2 மணிக்கும் தண்டுவட நீரின் அணுக்களை எண்ண ஆள் உண்டா? மெனிஞ்சைட்டிஸ் குணமாகிப் போகும் ஒவ்வொரு குழந்தைக்கும் பெரா செய்யாமல் டிஸ்சார்ஜ் இல்லை என்று ஆணை போட முடியுமா? டிஸ்சார்ஜ் தாளில் கிருமியின் பெயர், அல்லது ஏன் தெரியவில்லை என்ற காரணம் எழுதப்படுமா? எங்களைக் கேட்டால் இந்த மூன்றும் எந்தப் புதுத் தடுப்பூசிக்கும் முன்னால் வர வேண்டியவை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் புதுக் கட்டடம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

ஆஸ்பத்திரி விஷயம் என்றால் மருத்துவக் கல்லூரி முதல்வர் அல்லது இணை இயக்குநர், தடுப்பூசி, கண்காணிப்பு என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். நகலை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு, மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை வருவதற்குச் சில வாரம் முன்னதாகக் கொடுங்கள். கிராம சபையில் கேட்பதென்றால் 9 மாத டோஸ் தவறிய குழந்தைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்தக் கணக்கு கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும், அன்றே பதில் கிடைக்கும்.

21. ஆர்.டி.ஐ. போட்டோம். "தகவல் தொகுக்கப்படவில்லை"ன்னு பதில் வந்துடுச்சு. அவ்வளவுதானா?

கேட்ட விதத்தை மாற்றுங்கள். "ஏன் பரிசோதனை செய்வதில்லை?" என்ற கேள்விக்குத் தகவல் அலுவலர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல, அவர் தர வேண்டியது பதிவில் இருப்பதை. "மாவட்டம் முழுக்க எத்தனை பேர்?" என்றால் அப்படிப்பட்ட தொகுப்பு இருக்காது. நோயாளி பெயர் கேட்டால் தனியுரிமை என்று மறுப்பார்கள், மறுப்பதும் சரிதான். இப்படிக் கேளுங்கள்: இந்த ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் சென்ற ஆண்டு பெறப்பட்ட தண்டுவட நீர் மாதிரிகளின் எண்ணிக்கை, மாதவாரியாக, அவற்றில் கிருமி வளர்ந்தவை, கிருமியின் பெயரோடு, மாதிரி பெறும் நேரம் குறித்த ஆய்வக ஆணையின் நகல், அதே ஆண்டில் செய்யப்பட்ட பெரா பரிசோதனைகளின் எண்ணிக்கை. மாதிரிகளின் எண்ணிக்கையும் கண்காணிப்புத் தளத்தில் பதிந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடைவெளியே உங்கள் மனுவின் முதல் பத்தி.

கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். தொகுக்கவில்லை என்று மறுபடி சொன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி நோயாளிப் பெயர்களை மறைத்து ஆய்வகப் பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "தொகுக்கப்படவில்லை" என்று கையெழுத்திட்டு வந்த தாளைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த மாவட்டத்தில் மெனிஞ்சைட்டிஸ் எண்ணப்படுவதில்லை என்பதற்கு அரசே தந்த சான்று அது.

22. தடுப்பூசிக் கம்பெனி ஒண்ணு எங்க கூட்டத்துக்குப் பணம் தர்றேன்னு சொல்லுது. வாங்கலாமா?

வாங்காமல் நடத்த முடிந்தால் அதுவே மேல். ஒரு பள்ளி அரங்கம், ஒரு ஒலிபெருக்கி, கண்ணாடி டம்ளர் இருந்தால் கூட்டம் நடத்திவிடலாம். வாங்கியே தீர வேண்டிய நிலை என்றால் அழைப்பிதழிலும் மேடையிலும் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பேச்சாளரையும் துண்டறிக்கையின் வாசகத்தையும் கம்பெனி முடிவுசெய்யக் கூடாது, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசியின் வணிகப் பெயர் எங்கும் வரக் கூடாது. பல ஆயிரம் ரூபாய் ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன், புதன்கிழமைதோறும் இலவசமாகக் கிடைப்பவை 12-இல் இருக்கின்றனவே, அவற்றை யார் யார் தவறவிட்டார்கள் என்று கூட்டத்திலேயே அட்டைகளை வாங்கிப் பார்த்துப் பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியல் அடுத்த புதனுக்குள் செவிலியர் கைக்குப் போக வேண்டும்.